இரண்டு கதவா, நாலு கதவா

இன்று காலை வெள்ளவத்தையில், எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில், பின்னால் பாரப்பெட்டி வைத்த என் கெப் வண்டியின் கதவைத் திறந்தேன். நனைந்த நாயின் மணம் மூக்கில் அடித்தது. மன்னாரிலிருந்து வந்த பிறகு கண்ணாடி திறக்காமல் மூடிக் கிடந்த வாகனம். கோயிலுக்குப் புறப்பட்டு நின்ற என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

“இதுக்குள்ளயோ என்னை ஏறச் சொல்லுறியள்?”

“கண்ணாடி எல்லாம் திறந்து விடுறன். ஏறும்.”

“நாய் படுத்த சீற்றில இருந்துகொண்டு பிள்ளையாரிட்டப் போறதோ?”

“நாய் பின்னால படுத்தது. நீர் முன்னால இரும்.”

ஏறினாள். பம்பலப்பிட்டி வரைக்கும் பேச்சு வாங்கினேன். காது அவளிடம் இருந்தது, மனம் உன்னிடம் இருந்தது. அது உன் பழைய கெப்பின் மணம் அல்லவா? நாய், டீசல், சாக்கு, சீற்றுக்கடியில் நீ மறந்துபோய் விட்ட கருவாட்டுப் பொதி. நீ இருந்திருந்தால் வாசலில் நின்றே மோப்பம் பிடித்துச் சிரித்திருப்பாய். பிறகு வாகனத்தைச் சுற்றி வந்து கதவுகளை எண்ணியிருப்பாய். அத்தோடு சிரிப்பு நின்றிருக்கும்.

ஓம் மச்சான், நாலு கதவு. டபுள் கெப் வாங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு முடிக்க முடியாமல் போன சண்டையை முடிக்க எழுதுகிறேன். இந்த முறை நீ குறுக்கே கதைக்க முடியாது.

உன் பழைய கெப்பின் அடிப்பாகத்தை நீ வேலை பார்த்த துறைமுகத்து உப்புக்காற்று தின்று முடித்த பிறகு, ஞாயிறு தோறும் அந்தோனியார் கோயில் பூசை முடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வருவாய். இரண்டு பேரும் வாகனம் விற்கிற இடமெல்லாம் ஏறி இறங்குவோம். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றிருந்த காலம். இருந்த வாகனத்துக்கு விலை சொல்ல அளவில்லை, சொன்னவனுக்கு வெட்கமில்லை. ஆனாலும் நீ பூசைக்குப் போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு நிலத்தில் முழங்கால் போட்டு, ஒவ்வொரு கெப்பின் அடியையும் எட்டிப் பார்ப்பாய். “நாளாந்தம் ஹாபருக்கு ஓடவும் வேணும், வேட்டைக்குப் போகவும் வேணும்” என்று விற்கிறவனிடம் சொல்வாய். அவன் உடனே டபுள் கெப் ஒன்றைக் காட்டுவான். அவன் ஏதோ உன்னை அவமதித்துவிட்டான் என்பதுபோல் நீ எழும்பி நிற்பாய்.

“கெப் எண்டா ரெண்டு கதவு. மற்றதெல்லாம் வால் முளைச்ச கார்.”

கம்பனிப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீ அங்கிருந்தே சண்டைக்கு வருவாய். நீ கேட்டது உனக்குத் தெரியும்: நீளமான பெட்டி, பாரம் தாங்குகிற வில்லுத் தகடு, மணலில் புதையாத உயரம், கைக்கியர், முன்னால் இரண்டு சீற். “ரெண்டு ஆள், ஒரு துவக்கு, பின்னால ஒரு காட்டுப்பண்டி. வேற ஆருக்கு இடம் வேணும்?” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாய்.

வேட்டை என்றால் சனம் மான், மரை என்று நினைக்கும். நாங்கள் மானைக் கண்டால் எஞ்சினை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். முருங்கன் பக்கம் உனக்கும் உன் அண்ணருக்கும் சரிபாதியாக இருந்த வயலில், கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பண்டி இறங்கும். துவக்கும் அதற்கான அனுமதியும் அண்ணருடையவை, சுடுவதும் அவர்தான். நீ நாய்களை அவிழ்த்து விடுவாய். நான் பற்றைக்காட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, பண்டியை அவர் பக்கம் கலைக்கத் தகரம் தட்டுவேன். கொழும்பில் கணக்காளராக வேலை பார்த்தவன், தகரம் தட்டுவதற்காக டீசல் எரித்துக்கொண்டு மன்னாருக்குப் போனேன் என்று என் அலுவலகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான வேலை நான் பார்த்ததுமில்லை. அம்பிட்ட பண்டியின் இறைச்சி உன் வீட்டில் வேகும். என் வீட்டுச் சட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

ஒவ்வொரு முறையும் நாங்கள் புறப்படும்போது உன் வாசலில் டிலானி நிற்பாள். உன் ஒரே பிள்ளை. பத்து வயதில் அழுது கேட்டாள், பதினைந்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டாள், பிறகு சிரித்துக்கொண்டு கேட்டாள். உனக்கு ஒரே பதில்தான். “பொம்பிளை ஏறின வண்டிக்கு ஒண்டும் அம்பிடாது மகள்.” அவள் விடாமல் நின்றால் உள்ளே கையைக் காட்டுவாய்: “சீற் ரெண்டுதானே?” உனக்குச் சிங்கிள் கெப் வாகனமாக மட்டும் இருக்கவில்லை, மகளை ஏற்றாமலிருக்க ஒரு சாட்டாகவும் இருந்தது.

அந்தச் சாட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நாட்கள். மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நீயும் நானும் முன்னால். உன் மனைவியும் சின்னப் பிள்ளையாயிருந்த டிலானியும் பின்பெட்டியில், படங்குத் துணிக்குக் கீழே பாய் விரித்து இருந்தார்கள். இராணுவச் சோதனைச் சாவடியில் பெண்களுக்கு வேறு வரிசை, சாக்கு மறைப்புக்குள் சோதனை. நாங்கள் வெயிலில் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் வெளியே வந்தபோது, திருநாளுக்கென்று தாய் காலையில் றிபன் வைத்துப் பின்னிவிட்ட இரட்டைப் பின்னல் முழுதாக அவிழ்ந்து கிடந்தது. தலைமயிருக்குள்ளும் தேடியிருக்கிறார்கள். பிள்ளை அழவில்லை.

நீ அவளைத் தூக்கிப் பெட்டியின் விளிம்பில் இருத்தினாய். சட்டைப் பையிலிருந்த சீப்பால் வாரினாய். உனக்குப் பின்னத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பின்னல் தடிப்பு, மற்றது மெலிவு. பிறகு என்னைப் பார்த்து, “மச்சான், நீ பின்னால ஏறு” என்றாய். நான் படங்குக்குக் கீழே போனேன். பிள்ளை என் சீற்றில் உனக்குப் பக்கத்தில் இருந்து கொழும்பு வந்தாள்.

கொட்டாஞ்சேனையில் சாமான் இறக்கும்போது நீ சொன்னாய்: “இனி ரெண்டு சீற் போதும். இவை ஒருத்தரும் வரத் தேவையில்லை.” நான் தலையாட்டினேன். உன் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த நேரத்தில் நீ செய்தது சரி. அதை இன்றைக்கும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் சண்டை முடிந்தது மச்சான். சாவடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், சாக்கு உக்கி மண்ணாகிப் போனது. நீ மட்டும் உன் சாவடியை எடுக்கவில்லை. மகள் படித்தாள், காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள், அடிபட்ட வாகனங்களுக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சேதம் எழுதுகிறவளாக ஆனாள். மருதானைக் கராஜ்களில் பகல் முழுக்க எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம் “பொம்பிளைக்குச் சரிவராது” என்று சொன்னாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா?

அப்படியே ஒன்றையும் வாங்காமல் நீ போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். எத்தனை நல்ல கெப்பை நாலு கதவு என்று தள்ளினாய்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் தேவையில்லை.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் அண்ணர் வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்த பிறகு மெதுவாகக் கதையை எடுத்தார்.

“தம்பியின்ர பாதியையும் சேர்த்து வித்துப்போடுவம். பண்டிக்கு விதைக்க இனி என்னால தனிய ஏலாது. பிள்ளை கொழும்பில வளர்ந்தது. வயலுக்கு வரப்போறாவோ?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். தேத்தண்ணி கொண்டுவந்த டிலானி தட்டை மேசையில் வைத்தாள்.

“என்னை ஆர் கூட்டிக்கொண்டு போனவை பெரியப்பா, வாறனோ இல்லையோ எண்டு தெரிய?”

நான் புறப்படும்போது வாசல் படலை வரைக்கும் வந்தாள். “அங்கிள், அடுத்தமுறை நீங்க போகேக்க நானும் வாறன். அப்பாட்டக் கேட்ட மாதிரிக் கேக்கேல்லை. சொல்லுறன்.” அப்படியே உன் குரல். பின்னால் நின்ற உன் மனைவியும் சொன்னாள்: “அவள் போனா நானும் வருவன். அவர் பாடுபட்ட நிலத்தை நானும் ஒருக்காப் பாக்கவேணும்.”

அன்றிரவே என் சின்னக் காரை விற்பதென்று முடிவு செய்தேன். என் மனைவி, “அறுபது தாண்டின பிறகு ஆருக்கு லொறி?” என்று கேட்டாள். “வேட்டைக்கும் ஓடும், உம்மட மரக்கறிக்கும் ஓடும்” என்றேன். கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில் பாதுகாப்பு, முதுகுவலி, பெற்றோல் மிச்சம் என்று ஒரு பிரசங்கமே வைத்தான். தமிழாக்கள் கண்ணில் படாமல் சின்னதாக எதையாவது ஓட்டிக்கொண்டு இருப்பதுதான் நல்லது என்றும் சொன்னான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவ்வளவு காலமும் கண்ணில் படாமல்தானே இருந்தோம், என்ன மிஞ்சியது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

டிலானியோடு போய்த் தேடினேன். முதலில் பார்த்தது கறுப்பு டபுள் கெப். உயர்த்திப் பூட்டிய ரயர், உள்ளே ஆள் தெரியாத கறுப்புக் கண்ணாடி. ஓட்டிப் பார்க்க எங்கள் லேனுக்குக் கொண்டுவந்தேன். மனைவி மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவள் கீழே இறங்கி வந்து சொன்னாள்: “உது இஞ்ச நிண்டா, ஆரையோ பிடிக்க வந்திட்டாங்கள் எண்டு சனம் கதவைப் பூட்டும்.” சண்டைக் காலத்தில் இப்படிக் கறுப்புக் கண்ணாடி வாகனங்களில் ஏற்றிக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வராதது எங்களுக்குத் தெரியும், ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்தது புதுசு, எல்லாம் தானாக நடக்கும், ஆனால் எங்கள் ஃபிளாட் தூணைச் சுற்றித் திரும்பாத நீளம். “கெப்பை வாங்கினா ஃபிளாட்டை வித்துப்போட்டு வேற பாக்கவேணும் அங்கிள்” என்றாள் உன் மகள்.

பிறகு மருதானையில் அது நின்றது. சிங்கிள் கெப். நீ கேட்ட நீளப் பெட்டி, நீ கேட்ட வில்லுத் தகடு, கைக்கியர். என் கைக்கு எட்டுகிற விலை. உண்மையைச் சொல்கிறேன், ஏறி இருந்து கியரில் கையை வைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. பக்கத்துச் சீற்றில் நீ இருக்கிறாய் என்றே நினைத்தேன். டிலானி அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

“அருமையான வண்டி அங்கிள். எங்கயும் அடிபடேல்லை. அப்பா கண்டிருந்தா விட்டிருக்கமாட்டார்.”

“அம்மாவும் வாறனெண்டவ எல்லோ?”

“அம்மா பின்னால இருப்பா. முந்தியும் இருந்தவதானே.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ‘முந்தியும்’ கேட்டதும் நான் கியரிலிருந்து கையை எடுத்தேன். படங்கும் பாயும் சாக்கு மறைப்பும் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. இவ்வளவு காலம் கட்டிக்காத்ததை அந்த இடத்திலேயே போட்டு உடைத்தேன். உன் அப்பா ஏன் உன்னை ஏற்றவில்லை தெரியுமா என்று தொடங்கி, அந்தச் சாவடி, அவிழ்ந்த பின்னல், அவர் பின்னிவிட்டது, இரண்டு சீற் போதும் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“செக்பொயின்ற் எனக்குப் பெரிசா ஞாபகமில்லை அங்கிள். எனக்கு ஞாபகம் முன் சீற். நீங்க இறங்கி இடம் தந்தனீங்க. அண்டைக்குத்தான் முதல்முதலாக் கண்ணாடியால காடு பாத்தனான். மயில் ஒண்டு ரோட்டைக் கடந்தது, அப்பா நிப்பாட்டிக் காட்டினவர். கியரில என்ர கையை வைச்சு, மேல தன்ர கையை வைச்சுப் போட்டவர். அப்பிடி ஒரு நாள் எனக்கு வேற இல்லை.” கை துடைத்த துணியை மடித்தாள். “அதுக்குப் பிறகு ஒருநாளும் ஏத்தேல்லை. நான் என்ன பிழை செய்தனான் எண்டு கனநாள் யோசிச்சனான்.”

கேட்டாயா மச்சான்? நீ அவளைக் காப்பாற்றக் கதவைச் சாத்தினாய். அவள் வெளியே நின்று தன் குற்றம் என்னவென்று தேடிக்கொண்டிருந்தாள். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, அவ்வளவு இரக்கமும் வந்தது. நீ செத்ததற்கு அழாத அழுகையை மருதானையில், வாகனம் விற்கிறவன் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன். அவன் விலையைக் குறைக்கச் செய்கிற வேலை என்று நினைத்திருப்பான். உடனே குறைத்தான். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். “ரெண்டு கதவு எங்களுக்குக் காணாது தம்பி” என்றேன்.

கடைசியில் வாங்கியது உன் கொட்டாஞ்சேனையில்தான். இரும்புச் சாமான் வியாபாரி ஒருவரின் டபுள் கெப். பெட்டி முழுக்கக் கம்பி கீறின தழும்பு. பெட்டி நீ கேட்டதைவிடக் குட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். காலி றோட்டின் மேடுகளில் வெறும் பெட்டியோடு போனால் துள்ளும். என் மனைவி ஒவ்வொரு துள்ளலுக்கும் முருகா என்பாள். பக்கக் கண்ணாடியை மடித்தால் ஃபிளாட் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும். ரயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து என் மனைவி ஒரு பூசை செய்வித்தாள். டிலானி கொண்டுவந்த அந்தோனியார் கோயில் தீர்த்தத்தைப் பங்குச் சுவாமியார் தெளித்தார். பிள்ளையாருக்கும் தெரியும், அந்தோனியாருக்கும் தெரியும். உனக்குத்தான் இன்று அறிவிக்கிறேன்.

போன கிழமை முருங்கன் வயலுக்குப் போனோம். உன் மனைவியை முன்னால் இருத்தினேன். புத்தளம் தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அண்ணர் வரம்பில் நாய்களோடு நின்றார். டிலானி பின்கதவைத் திறந்து இறங்கியதைப் பார்த்து அவர் முகம் மாறியது. தேத்தண்ணி குடித்து முடியுமுன் கேட்டுவிட்டார்.

“வயலை வாங்கிற ஆள் நாளைக்கு வருவான். பிள்ளை என்ன சொல்லுறாய்?”

“முதல் பண்டியைப் பாப்பம் பெரியப்பா” என்றாள்.

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் தகரத்தை எடுத்தேன்.

உன் வேலையை அவள் செய்தாள், நாய்களை அவிழ்த்து விட்டாள். குளத்தடிப் பற்றைக்குள் நாய்கள் குரைத்தன, மழை வேறு பிடித்தது. பண்டி அண்ணர் நின்ற பக்கம் வராமல் மறுபக்கம் உடைத்துக்கொண்டு போனது. போகிற போக்கில் கிழட்டு நாயின் தொடையைக் கோரைப்பல்லால் கிழித்துவிட்டது. ஒன்றும் அம்பிடவில்லை. சந்தோஷப்படாதே. நீயும் நானும் போன நாட்களில் பாதி நாள் வெறும் பெட்டியோடுதான் வந்தோம். அப்போதெல்லாம் எந்தப் பெண் ஏறியிருந்தாள்?

டிலானி சேற்றோடும் இரத்தத்தோடும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பின்சீற்றில் ஏறினாள். தன் சால்வையால் அதன் தொடையை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணர் முன்னால் ஏறினார். மிருக வைத்தியரிடம் போகும் வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். வைத்தியர் தைத்து முடித்து, தப்பிவிடும் என்றார். திரும்பி வரும்போது, வயலுக்குத் திரும்புகிற மண்பாதையில், அண்ணர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“விதைப்புக்கு முன்னம் வேலி அடைக்கவேணும் பிள்ளை. எப்ப வருவாய்?”

“அங்கிளிட்டக் கேளுங்கோ. கெப் அவற்ற.”

“நீங்க ஒரு நாள் குறியுங்கோ அண்ணை. வாறது எங்கட பாடு” என்றேன்.

மறுநாள் வந்த ஆளை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார்.

இதுதான் நடந்தது. நீ சொல்லிப் போனவற்றில் பாதியை நான் இன்னும் காப்பாற்றுகிறேன். மணலில் இறங்குமுன் ரயரில் காற்றைக் குறைக்கிறேன். மானைக் கண்டால் எஞ்சினை நிறுத்துகிறேன். காலி றோட்டில் பஸ்காரன் குறுக்கே விழுந்தால், நீ திட்டுகிற அதே சொல்லால் திட்டுகிறேன். என் மனைவி காதைப் பொத்துகிறாள். மற்றப் பாதியைக் காப்பாற்ற மாட்டேன். மழை விட்டதும் அவர்களை ஏற்றிக்கொண்டு வேலி அடைக்கப் போகிறேன். போகும்போது கொஞ்சத் தூரம் டிலானி ஓட்டுவாள்.

கோபமென்றால் வந்து திட்டு, மச்சான். பின்சீற்றில் உனக்கும் இடமிருக்கிறது.